சகலையின் வாலட்

மெக்கானிக்குக்குத் தன் சகலையைப் பிடிக்காது. இதில் ஒளிவுமறைவு ஒன்றும் இல்லை. சகலையைத் தவிர குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். காரணம் கேட்டால் ஆயிரம் சொல்வார். அவன் சிரிப்பு சரியில்லை, செருப்பை வாசலில் குறுக்கே கழற்றிப் போடுகிறான், பேசும்போது தோளைத் தொடுகிறான். பொறாமை என்று மட்டும் அவர் வாயிலிருந்து வராது. அவர் சொல்லாததை நாம் சொல்லிவிடுவோம். அது பொறாமைதான், கலப்படமில்லாத பொறாமை.

மெக்கானிக் ஃப்ரிட்ஜும் ஏ.சி.யும் பழுது பார்க்கிறவர். கடைத்தெருவில் ஒரே அறையில் பத்தொன்பது வருடமாகக் கடை. கம்ப்ரஸர் மேல் கையை வைத்தாலே அதற்கு இன்னும் எத்தனை நாள் ஆயுள் என்று சொல்லிவிடுவார். மனைவியின் தங்கையைக் கட்டிய சகலையோ ஆறு வயது இளையவன். கல்யாணமான புதிதில் மெத்தைக் கடையில் நின்று, வருகிறவர்களை எல்லாம் "சும்மா படுத்துப் பாருங்க சார்" என்று கெஞ்சிக்கொண்டிருந்தவன். அப்போது மெக்கானிக்குக்கு அவனை ரொம்பப் பிடிக்கும். பண்டம் பலகாரம் வாங்கிக்கொண்டு போய்ப் பார்ப்பார். அவன் மெத்தைக் கடையை விட்டுவிட்டு, உடற்பயிற்சி நிலையத்துக்கு மேல் மாடியில் ஒரு கூடத்தை ஞாயிறுதோறும் வாடகைக்கு எடுத்து, டிஜிட்டல் நாணயம் பற்றிப் புதியவர்களுக்கு வகுப்பு நடத்த ஆரம்பித்தான் பாருங்கள், அன்றிலிருந்து பிடிக்காமல் போய்விட்டது.

மாமியார் வேறு எரிகிற தீயில் எண்ணெய் விட்டார். "சின்ன மாப்பிள்ளை வாத்தியார் ஆயிட்டாராம். படிச்சவங்க எல்லாம் வந்து கைகட்டி உக்காந்து கேக்குறாங்களாம்." இதை அவர் சொன்னபோது மூத்த மாப்பிள்ளை அவர் வீட்டு ஃப்ரிட்ஜுக்கு அடியில் தலையை விட்டுக்கொண்டு குப்புறக் கிடந்தார்.

அன்று சாயந்திரம் மெக்கானிக் வீட்டில் ஒரு சட்டம் போட்டார். "கண்ணுக்குத் தெரியாத காசு, கையில பிடிக்க முடியாத காசு. அவன் பேச்சைக் கேட்டு யாராவது ஒரு பைசா போட்டீங்கன்னா, இந்த வீட்டுப் படி ஏற வேணாம்." வீட்டில் இருந்தது மனைவி மட்டும்தான். பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேஜையில் வேலை பார்த்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தாள். "சரிங்க" என்று சொல்லிவிட்டு முகம் கழுவப் போனாள். அவள் சம்பளத்தில் அவர் கை வைத்ததே இல்லை. எவ்வளவு, என்ன செய்கிறாள் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. இதை நாலு பேரிடம் பெருமையாகவும் சொல்லிக்கொள்வார்.

வகுப்பு தொடங்கி ஒரு வருடம் போனபிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தக் கூடத்து ஏ.சி. படுத்துவிட்டது. கூடத்துக்காரர் மெக்கானிக்கை அழைத்தார். யார் வகுப்பு என்று தெரிந்தும் போனார். சரியாகச் சொன்னால், தெரிந்ததால்தான் போனார்.

முப்பது பேர் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மெக்கானிக் ஏணிமேல் ஏறி ஏ.சி.யின் மூடியைக் கழற்றி ஃபில்டரை வெளியே எடுத்தார். கை வேலை செய்தது. காது கீழே இருந்தது.

சகலை திரைக்கு முன்னால் நின்று பேசினான். "ஒரு நோட்டுன்னு வச்சுக்குங்க. யார் யாருக்கு எவ்வளவு குடுத்தாங்கன்னு எழுதுற நோட்டு. அது ஒருத்தர் கையில மட்டும் இருந்தா, அவருக்குப் பிடிக்காத பக்கத்தைக் கிழிச்சுடலாம், திருத்தலாம். அதே நோட்டு ஆயிரம் வீட்டுல அச்சு அசலா இருந்தா? ஒரு வீட்டுல திருத்தினா மத்த வீட்டு நோட்டெல்லாம் பொய்னு சொல்லிடும். ஒவ்வொரு பக்கத்தையும் முந்தின பக்கத்தோட சேத்துத் தைச்சும் வச்சாச்சு, நடுவுல உருவ முடியாது. இதுக்குப் பேர்தான் பிளாக்செயின். அதுல எழுதுற காசுல ஒண்ணு பிட்காயின்."

முன் வரிசையில் ஒரு அம்மாள் கையைத் தூக்கினார். "அப்போ எங்கிட்ட எவ்வளவு இருக்குன்னு ஊருக்கே தெரிஞ்சுடுமா தம்பி?"

"தொகை தெரியும்மா. ஆள் தெரியாது." அவன் திரையில் ஒரு நீளமான எண்ணைப் போட்டான், எழுத்தும் இலக்கமும் கலந்து முப்பது நாற்பது இருக்கும். "இது எங்க குடும்பத்துக் கணக்கு ஒண்ணு. இதோ பாருங்க, எப்போ எவ்வளவு வந்துச்சு, இப்போ எவ்வளவு இருக்கு, எல்லாம் இருக்கு. உலகத்துல எவன் வேணா பாக்கலாம். ஆனா பேர் எங்கயாவது இருக்கா? இல்ல. எடுக்கணும்னா மட்டும் பன்னிரண்டு வார்த்தை வேணும். வாலட், அதான் இந்தக் கணக்கு, தொறக்கும்போது உங்களுக்குக் குடுத்த வார்த்தைங்க. அதை யார்கிட்டயும் சொல்லாதீங்க. எங்கிட்டயும் சொல்லாதீங்க."

"வீட்டுக்காரர்கிட்ட?" என்றார் அந்த அம்மாள்.

"அது உங்க வீட்டு விஷயம், நான் தலையிட மாட்டேன்" என்றான். கூடமே சிரித்தது. "இன்னொண்ணு. போனா தூக்கம் போயிடும்ங்கிற காசை இதுல போடாதீங்க. விலை இறங்கும், ஏறும். தினமும் பாத்தீங்கன்னா பைத்தியம் பிடிச்சுடும்."

இந்த யோக்கியமான பேச்சுதான் மெக்கானிக்குக்குத் தாங்கவில்லை. ஏமாற்றுக்காரனாக இருந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அவர் ஏணிமேல் நின்றபடியே சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து, ஏ.சி.க்குள் இருக்கும் காயிலைப் படம் பிடிக்கிறவர் மாதிரி பாவனை செய்து, திரையிலிருந்த எண்ணைப் படம் பிடித்துக்கொண்டார். முப்பது மாணவர்கள் இருந்த அந்த வகுப்பில் அன்று பாடத்தை முழுசாகக் கற்றுக்கொண்டவர் அவர் ஒருவர்தான்.

அதன்பிறகு அவருக்கு ஒரு வேலை சேர்ந்துகொண்டது. காலையில் கடை ஷட்டரைத் தூக்குவதற்கு முன் போனில் அந்த எண்ணைத் தட்டிப் பார்ப்பார். இரண்டே முக்கால் லட்சம். மறுநாள் இரண்டு எண்பது. அடுத்த வாரம் மூன்று. ஏறிய நாட்களில் வயிறு பற்றி எரியும். வாடிக்கையாளரிடம் எரிந்து விழுவார். இறங்கிய நாட்களில் முகத்தில் ஒரு களை. பக்கத்து மருந்துக்கடைக்காரருக்குக் காபி சொல்வார். ஒரு நாள் பத்து சதவீதம் இறங்கியபோது, கேஸ் நிரப்பிய கூலியில் பாதியைத் தள்ளுபடி செய்தார். அந்த வாடிக்கையாளர் இன்றைக்கும் அவரை தர்மப்பிரபு என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.

மாதாமாதம் மூன்றாம் தேதி வாக்கில் அந்தக் கணக்கில் ஒரு சின்னத் தொகை வந்து விழும். 'இவ்வளவு சம்பாதிக்கிறவன் இத்துனூண்டு போடுறான் பார், கஞ்சப்பய' என்று நினைத்துக்கொள்வார். வீட்டில் மூன்று வேளையும் அவருக்குச் சோறு போடுகிறவளுக்கு என்றைக்குச் சம்பளம் வரும் என்று தெரிந்திருந்தால் வேறு மாதிரி நினைத்திருப்பார். தெரியாது. அதுதான் பெருமை என்று முன்பே சொன்னேனே.

இப்படி நாலு மாதம் போயிருக்கும்போது கடை அறையின் சொந்தக்காரர் வந்து தலையில் கல்லைப் போட்டார். அறையை விற்கப் போகிறாராம். முதல் உரிமை மெக்கானிக்குக்குத்தான். ஆனால் மாதக் கடைசிக்குள் முன்பணம் பத்து லட்சம் வைக்க வேண்டும், மீதிக்கு வங்கிக் கடன் போட்டுக்கொள்ளலாம். இல்லையென்றால் மருந்துக்கடைக்காரர் சுவரை இடித்துப் பெரிதாக்கிக்கொள்ளத் தயாராக நிற்கிறார். ஆமாம், காபி வாங்கிக் குடித்த அதே மருந்துக்கடைக்காரர்.

மெக்கானிக்கிடம் இருந்தது ஆறு. துண்டு விழுந்தது நாலு லட்சம். இந்த வயதில் வேறு தெருவுக்குப் போனால் பத்தொன்பது வருட வாடிக்கை பின்னாலேயே வந்துவிடாது. கடை போனால் அவர் யாரிடமாவது கூலிக்குத்தான் நிற்க வேண்டும்.

மனைவி பதறவில்லை. "மாசக் கடைசி வரைக்கும் நேரம் இருக்கே. பாத்துக்கலாம்" என்றாள்.

"எங்கேருந்து பாக்குறது? உன் தங்கச்சி புருஷன்கிட்ட மட்டும் போய் நிக்காத, சொல்லிட்டேன்."

"நான் யார்கிட்டயும் நிக்கலைங்க. நீங்க சாப்பிடுங்க."

அந்த வாரம்தான் அந்த எண்ணில் இருந்த தொகை நாலு லட்சத்தைத் தாண்டியது. மெக்கானிக் ஷட்டரில் சாவியைச் செருகியபடியே நின்றுவிட்டார். தனக்கு எவ்வளவு வேண்டுமோ சரியாக அவ்வளவு. அது அங்கே சும்மா கிடக்கிறது. மெத்தை விற்றவனுக்கு உட்கார்ந்த இடத்தில் நாலு லட்சம், தனக்கு இருபது வருடம் கேஸ் புகையைக் குடித்தும் கையில் சுட்ட தழும்புதான் மிச்சம். கண்ணில் தண்ணீர்கூட வந்தது. துக்கத்தில் வந்தது என்று அவர் நினைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை சகலை வீட்டில் சாப்பாடு. மாமியாரும் இருந்தார். சாப்பாட்டுக்கு நடுவே சகலை சொன்னான். "அண்ணே, கடை விஷயம் கேள்விப்பட்டேன். நான் ஏதாவது பண்ணணும்னா தயங்காம சொல்லுங்க."

எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டான். தோளையும் தொட்டான். மாமியார் மூத்த மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்தார். மெக்கானிக் சோற்றைப் பாதியில் விட்டார். "வேணாம்ப்பா, நான் பாத்துக்குறேன்" என்று எழுந்து கை கழுவினார். அவன் எந்தக் கெட்ட எண்ணமும் இல்லாமல் கேட்டான் என்பது அவருக்குத் தெரியும். தெரிந்ததால் இன்னும் எரிந்தது.

திங்கட்கிழமை பிட்காயின் விலை சரிந்தது. செவ்வாய்க்கிழமை இன்னும் சரிந்தது. நாலு லட்சம் மூன்றாகி, அதற்கும் கீழே போயிற்று. வேறு நாளாக இருந்தால் மெக்கானிக்குக்கு இதுவே போதும். இந்த முறை போதவில்லை. தானாக இறங்குவதில் என்ன இருக்கிறது, நம் கையால் இறங்க வேண்டும்.

சகலையின் மாணவர்களுக்கு வாட்ஸாப்பில் ஒரு குழு இருந்தது. அதில் சேருவதற்கான இணைப்பை அவன் கூடத்து வாசலில் கட்டம் கட்டமான கியூ.ஆர். குறியீடாக அச்சடித்து ஒட்டியிருந்தான். எவர் வேண்டுமானாலும் போனைக் காட்டி உள்ளே போகலாம். மெக்கானிக் கடை மேஜையில் சும்மா கிடந்த பழைய போனில், யாருக்கும் தெரியாத ஒரு சிம்மைப் போட்டு உள்ளே போனார். ஸ்பானர் பிடிக்கிற விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடித் தட்டினார். 'வாத்தியார் வகுப்பில் கேமரா வைத்து எல்லோருடைய பன்னிரண்டு வார்த்தைகளையும் எடுத்து வைத்திருக்கிறார். இந்த வாரம் எல்லா வாலட்டையும் காலி செய்துவிட்டு ஓடப்போகிறார். நான் ஏமாந்துவிட்டேன். நீங்களாவது தப்பித்துக்கொள்ளுங்கள்.' அனுப்பிவிட்டு சிம்மை இரண்டாக உடைத்துக் குப்பையில் போட்டார். பத்து நிமிடத்தில் பசித்தது.

மறுநாள் காலை அந்த எண்ணைத் தட்டினார். பூஜ்யம். ராத்திரியே மொத்தமும் வெளியே போயிருந்தது. அப்போதைய விலைக்கு இரண்டு லட்சத்து அறுபதாயிரம். 'ஆள் வர்றதுக்குள்ள பயந்துபோய் அடிமாட்டு விலைக்கு வித்துட்டான்' என்று புரிந்துகொண்டார். ஷட்டர் அன்றைக்குக் காகிதம் மாதிரி மேலே போனது. மத்தியானமே கடையை மூடிவிட்டு, ஒரு கிலோ திராட்சை வாங்கிக்கொண்டு ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்தபடி வீட்டுக்குப் போனார்.

மனைவி லீவு போட்டுவிட்டு வீட்டில் இருந்தாள். கண் வீங்கியிருந்தது. "என்னாச்சு?" என்றார். "தூங்கலை" என்றாள். இரண்டாவது முறை அவர் கேட்கவில்லை. திராட்சையை அவரே கழுவி அவரே தின்றார்.

மூன்று நாள் கழித்து அவள் ஒரு துணிப்பையைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள்.

"இதுல ரெண்டு லட்சத்து அறுபதாயிரம் இருக்கு. நாலாக் குடுக்கணும்னுதான் நினைச்சேன்."

மெக்கானிக்குக்கு முதலில் காதில் விழுந்தது தொகை மட்டும்தான். அந்தத் தொகையை எங்கோ பார்த்திருக்கிறோமே என்று தோன்றியது.

"ஏது?"

"என் சம்பளம். ஒரு வருசத்துக்கு மேலா, தங்கச்சி வீட்டுக்காரர்கிட்ட கத்துக்கிட்டு மாசாமாசம் போட்டேன். நீங்க படி ஏறக் கூடாதுன்னு சொன்னதால சொல்லல. போன வாரம் நாலு லட்சத்தைத் தாண்டுச்சு. ஞாயித்துக்கிழமை சாப்பாட்டுக்குப் போயிட்டு வந்து சொல்லலாம்னு இருந்தேன். நீங்க கோபமா இருந்தீங்க, சரி நாளைக்கின்னு விட்டேன். அதுக்குள்ள விலை விழுந்துச்சு. விழட்டும், ஏறும்னு உறுதியாத்தான் இருந்தேன். அப்புறம் எவனோ ஒருத்தன் குழுவுல எழுதிட்டான், வாத்தியார் எல்லாத்தையும் எடுத்துட்டு ஓடப் போறார்னு. எனக்கு கையும் ஓடல காலும் ஓடல. தங்கச்சி புருஷன்தான், ஆனா காசுன்னா யாரை நம்புறது? ராத்திரியே எல்லாத்தையும் வித்துட்டேன்."

மெக்கானிக் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தார். திரும்பி வந்து, "அந்தக் கணக்கு எண்ணைக் காட்டு" என்றார். காட்டினாள். நாலு மாதமாகக் காலையில் எழுந்ததும் பார்த்த எண். கடைசி நாலு எழுத்து அவருக்குத் தன் வண்டி எண்ணைவிட நன்றாகத் தெரியும்.

"தங்கச்சி வீட்டுக்காரர் வகுப்புல காட்டட்டுமான்னு கேட்டார், சரின்னேன். பேர்தான் தெரியாதே" என்றாள். பிறகு புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். "அதை எழுதினவன் யாரா இருந்தாலும் அவன் வீட்டுல அடுப்பு எரியக் கூடாது."

அந்த அடுப்பில் அப்போது குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. மெக்கானிக் அதையே பார்த்தார். நாலு மாதமாக அவர் வயிறெரிந்தது தன் பெண்டாட்டியின் காசைப் பார்த்து. அது குறைந்த நாளெல்லாம் ஊருக்குக் காபி வாங்கிக் கொடுத்தது தன் வீட்டு நஷ்டத்துக்கு. இதை நினைக்க நினைக்க, கேவலம், அவருக்குச் சிரிப்பு வரும் போலிருந்தது.

மறுநாள் சாயந்திரம் சகலை வந்தான். முகம் கறுத்திருந்தது. வகுப்பில் பாதிப் பேர் கட்டணத்தைத் திருப்பிக் கேட்டுவிட்டார்கள், கொடுத்துவிட்டானாம். உட்காரச் சொல்லியும் உட்காராமல் ஒரு கவரை மேஜைமேல் வைத்தான்.

"அக்கா, நீங்க வித்ததைக் கணக்குல பாத்தேன். இதுல ஒரு லட்சத்து நாப்பதாயிரம் இருக்கு. நாலுக்குக் குறையுறது."

"உங்களுக்கு என்ன தலையெழுத்து?" என்றாள் மனைவி.

"என் தப்புதான். குழுவை எவன் வேணா உள்ள வர்ற மாதிரி திறந்து போட்டது நான். அதைவிடப் பெரிய தப்பு ஒண்ணு இருக்கு. வார்த்தை வெளிய போயிடுச்சுன்னு சந்தேகம் வந்தா விக்கவே வேணாம். புதுசா ஒரு வாலட் தொறந்தா புது வார்த்தை கிடைக்கும், அதுக்கு மாத்திட்டாப் போதும். அஞ்சு நிமிச வேலை. அதை நான் சொல்லிக்குடுக்கவே இல்ல. வாங்குறது சொன்னேன், விக்குறது சொன்னேன், பயந்தா என்ன செய்யணும்னு சொல்லல. விலை மறுபடி ஏற ஆரம்பிச்சிடுச்சு. நீங்க என்னை நம்பி வந்து நஷ்டப்பட்டீங்க. கடை நிக்கட்டும். அண்ணன் திருப்பித் தர வேணாம்."

மனைவி கண்ணீரோடு கும்பிட்டாள். மெக்கானிக் மேஜையைப் பார்த்தார். கடை நிலைத்துவிட்டது. சாகும்வரை அந்தக் கடையின் ஒவ்வொரு செங்கலும் சின்ன மாப்பிள்ளை பேரைச் சொல்லும். மாமியார் சொல்லிக் காட்டுவார். அவன் சொல்லிக் காட்டவே மாட்டான், அதுதான் கொடுமை. இதிலும் அவனே நல்லவன்.

அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. மனசாட்சி உறுத்தி உண்மையைச் சொன்னார் என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படி இல்லை. அவன் அவ்வளவு நல்லவனாக அங்கே நிற்பதைப் பொறுக்க முடியாமல், அந்தக் கவரை எப்படியாவது அவன் திரும்ப எடுத்துக்கொண்டு போக வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தார்.

"நீ ஒண்ணும் தர வேணாம். அதை எழுதினது நான்."

சொல்லிவிட்டு முழுவதையும் சொன்னார். ஏணி, படம், தினமும் பார்த்தது, சிம், திராட்சை. திராட்சையைச் சொல்லும்போது மனைவி தலையைத் தூக்கினாள்.

சகலை நாற்காலியில் உட்கார்ந்தான். "எங்கிட்ட அப்படி என்னண்ணே இருக்கு?" என்றான். நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டான். அந்தக் கணக்கு இவனுடையது இல்லை என்றான பிறகு, இவனிடம் பொறாமைப்படுவதற்கு ஒரு வாடகைக் கூடமும் பாதி காலியான வகுப்பும்தான் மிச்சம். அப்படியும் மெக்கானிக்குக்கு எரிச்சல் அடங்கியபாடில்லை.

சகலை கவரை எடுக்கப் போனான். மனைவி அதன்மேல் கையை வைத்தாள்.

"இருக்கட்டும். இது எனக்கு வந்த நஷ்டத்துக்கு நீங்க குடுத்தது, அவர் கடைக்கு இல்ல. இதையும் கடனாத்தான் வாங்கிக்குறேன், சம்பளத்துல அடைச்சுடுவேன்." பிறகு புருஷன் பக்கம் திரும்பினாள். குரலை உயர்த்தவில்லை. "என்கிட்ட இப்போ நாலு லட்சம் இருக்கு. நாளைக்கே முன்பணம் கட்டிடலாம். பத்திரம் என் பேர்ல எழுதணும். உங்க ஆறும் அதுல சேரும். சம்மதம்னா சொல்லுங்க. இல்லைன்னா மருந்துக்கடைக்காரரை வந்து சுவரை இடிக்கச் சொல்லுங்க."

மெக்கானிக் அவளைப் பார்த்தார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பத்தொன்பது வருடமாக வாடகை கொடுத்த அறைக்கு இனி வீட்டிலேயே வாடகை கொடுக்க வேண்டியிருக்கும் போலிருந்தது. "சரி" என்றார்.

ஒப்பந்தம் எழுதும் அலுவலகத்தில் மனைவி முதல் ஆளாகக் கையெழுத்திட்டாள், நிதானமாக, ஒவ்வொரு பக்கமும் படித்துப் பார்த்து. எழுத்தர் தலை நிமிராமல் சாட்சிகள் இரண்டு பேரை வரச் சொன்னார். மெக்கானிக்கும் சகலையும் ஒன்றாக எழுந்தார்கள். முதல் சாட்சிக்கு ஒரு கட்டம், இரண்டாம் சாட்சிக்கு அதற்குக் கீழே ஒரு கட்டம். மெக்கானிக்கின் கண் தானாக மேல் கட்டத்துக்குப் போனது. இத்தனை பட்ட பிறகும் அது அப்படித்தான் போனது, அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

சகலை ஒதுங்கி வழிவிட்டான். "நீங்க முதல்ல போடுங்கண்ணே, மூத்தவங்க."

மெக்கானிக் சட்டைப்பையைத் தடவினார். பேனா இல்லை. சகலை தன்னுடையதை நீட்டினான். அவர் அதை வாங்கி, மேல் கட்டத்தில் கையெழுத்துப் போட்டார்.